கணினியும் உட்பகையும்

சைவ நன்மக்கள் யாவரும் மெய்ப்பொருள் நாயனார் சரிதத்தை அறிவர். திருக்கோவலூரிலிருந்து அரசு செலுத்திய அம்மன்னரைப் போர்க்களத்திலே வெல்லமாட்டாது பன்முறை தோற்ற முத்தநாதன், ஈற்றிலே வஞ்சத்தைக் கைக்கொண்டான். மேனியெங்கும் திருநீறு பூசி, சடை முடித்து, கையிலே புத்தகக் கட்டொன்றை ஏந்தி அரண்மனை வாயிலை அடைந்தான். அக்கட்டினுள் மறைந்திருந்தது கொலைக்கருவி. வாயிற்காவலர் வேடத்தைக் கண்டு கைகூப்பி வழிவிட்டனர். பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, அரசர் துயிலும் வேளையென்று கூறித் தடுத்தான். எவரிடத்தும் இல்லாத ஆகமம் ஒன்றை ஓத வந்தேன் என்று சொல்லி அவனையும் கடந்து உள்ளே புகுந்தான் பகைவன். பின் நிகழ்ந்ததை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

யவனர் பழங்கதையிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நெடுநாள் முற்றுகையிட்டும் ட்ரோய் நகரைக் கைப்பற்றமாட்டாத கிரேக்கர், மரக்குதிரை ஒன்றைச் செய்து அதன் வயிற்றிலே வீரரை மறைத்து வைத்தனர். நகர மாந்தர் தாமே அதனை உள்ளே இழுத்துச் சென்றனர். அக்கதை பற்றியே, நல்லது போலத் தோன்றி உட்புகுந்து தீங்கிழைக்கும் மென்பொருளுக்கு 'ட்ரோஜன்' என்னும் பெயரைக் கணினியறிஞர் இட்டனர். தமிழர் பெயரிட்டிருப்பின் 'முத்தநாதன்' என்றே இட்டிருப்பர்.

ட்ரோஜன்களுள் ஒரு வகையைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். எங்கோ தொலைவிலிருக்கும் ஒருவன், நமது கணினியின் முன் தானே அமர்ந்திருப்பதுபோல அதனை இயக்குவதற்கு வழிசெய்யும் ட்ரோஜன் அது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ராட்' என்பர். அவ்வொலி அம்மொழியில் எலியையும் குறிக்கும்.

தமிழாசிரியருக்கு இத்துறையில் என்ன அலுவல் என வினவுவார் உளராகலாம். மாணாக்கரின் புள்ளிகளும், பெற்றோரின் முகவரிகளும், ஆசிரியரின் சம்பள விவரங்களும் இன்று கணினியிலேயே உறைகின்றன. தோட்டப் புறத்திலிருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் கணவர் அனுப்பும் பணத்தைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார். ஆதலின் இது பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடத்தக்க பொருளன்று. எழுத்தறிந்தார் யாவரும் அறியவேண்டிய பொருளாயிற்று.

ராட் செய்யும் கருமம்

கணினி வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும், திரை உறைந்துபோதல், கோப்புகள் அழிதல் முதலியவற்றையே நாம் நினைக்கிறோம். ராட் பொதுவாக இவற்றைச் செய்து தன்னை வெளிக்காட்டாது. சத்தமின்றி இருப்பதே அதன் முதற்குணம். ஒருவர் தட்டும் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பதிந்து கொள்ளும். திரையைப் படம் பிடிக்கும். கோப்புகளைப் பட்டியலிட்டு வேண்டியவற்றை வெளியே அனுப்பும். ஒலிவாங்கியையும் படக்கருவியையும் திறக்கும். அவ்வலையமைப்பிலுள்ள ஏனைய கணினிகள் எவையெனத் துழாவும். தன்னை ஏவியவனிடமிருந்து கட்டளை வரும்வரை நாட்கணக்காக, மாதக்கணக்காகப் பொறுத்திருக்கும்.

அது உள்ளே வரும் வழிகள் பல. வேலைக்கு விண்ணப்பம், விலைப்பட்டியல், வங்கி அறிவித்தல், பரீட்சைச் சுற்றறிக்கை என்ற பெயர்களோடு வரும் மின்னஞ்சல் இணைப்புகள் முதல்வழி. முத்தநாதன் ஆகமம் என்றான்; இவை ஆவணம் என்கின்றன. விலை கொடாது பெறும் திருட்டு மென்பொருட்கள் இரண்டாம் வழி. கைத்தொலைபேசியாயின், குறுஞ்செய்தி மூலமாகவோ வாட்ஸ்அப் மூலமாகவோ வந்து, 'இச்செயலியை நிறுவுக' என்று வேண்டும் கோப்புகள் மூன்றாம் வழி. எவ்வழியாயினும் கதவைத் திறப்பது நம் கையே.

பல உடல் எடுக்கும் ஓர் உயிர்

கணினிகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. அவற்றை இயக்கும் பணிசெயல் முறைமைகள் விண்டோஸ், மெக்ஓஎஸ், லினக்ஸ், அண்ட்ரொய்ட் எனப் பலவாம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட தீநிரல் லினக்ஸில் இயங்காது என்ற எண்ணத்தால், 'எம்மிடம் இருப்பது மெக், எமக்கு அச்சமில்லை' என்று கூறுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் இன்று பொருந்தாது.

ஜாவா என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை எழுதிய நிரல் எவ்வகைக் கணினியிலும் இயங்கவேண்டும் என்ற நன்னோக்கத்தோடு அம்மொழி ஆக்கப்பட்டது. ஒவ்வொரு பணிசெயல் முறைமையிலும் ஜாவாவுக்கென ஓர் இடைத்தளம் நிறுவப்படும். நிரல் அவ்விடைத்தளத்தோடு மட்டும் பேசும். நல்லவர்க்கு உதவிய இவ்வசதி தீயவர்க்கும் உதவிற்று. 2012இல் 'ஃப்ரூட்டாஸ்' என்ற பெயரோடு தோன்றிய ஜாவா ராட் ஒன்று, பின்னர் அட்வின்ட், அன்ரெக்கொம், ஏலியன்ஸ்பை, ஜேசொக்கெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டே வளர்ந்தது. அதனை ஆக்கியோர் அதனைப் பணத்துக்கு வாடகை விட்டனர். 2015ஆம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 1,800 பேர் அதன் வாடிக்கையாளராக இருந்தனர் என்றும், 2013 முதல் 2016 வரை குறைந்தது 443,000 பயனர் அதன் தாக்குதலுக்கு இலக்காயினர் என்றும் கஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் 2016 பெப்ரவரியில் வெளியிட்ட ஆய்விற் கூறினர். நிரல் எழுதத் தெரியாதவனும் மாதச் சந்தாக் கட்டி ஒற்றனாகலாம் என்ற நிலை அவ்வாறு பிறந்தது.

வேறொரு முறையும் உண்டு. கட்டளை பெறுதல், கோப்பு அனுப்புதல் முதலிய உறுப்புகளைத் தனித்தனியே வகுத்து, ஒவ்வொரு பணிசெயல் முறைமைக்கும் ஏற்ற உடலோடு அவற்றைப் பொருத்துவது அம்முறை. உயிர் ஒன்று, உடல் பல. இதற்கு எடுத்துக்காட்டாகிய 'டாக்கிள்ஸ்' என்னும் ராட், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குவதாக 2019 டிசம்பரில் அறியப்பட்டது. 2020 மே மாதத்தில் மெக்ஓஎஸ் வடிவமும் வெளிப்பட்டது. கணக்குகளைக் காக்க உதவும் இரண்டாம் கடவுக்குறியீட்டுச் செயலி போல வேடம் பூண்டே அவ்வடிவம் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. காவற்கருவியின் வேடமே கள்வனின் வேடமாயிற்று. இதனை ஏவியவர் 'லாசரஸ்' என்று பெயரிடப்பட்ட கூட்டத்தினர் என ஆய்வாளர் துணிந்தனர். அக்கூட்டத்தின் செயல்கள் நமக்குத் தொலைவானவை அல்ல. ஒன்று இலங்கையையும், மற்றொன்று தமிழகத்தையும் தொட்டன.

ஓர் எழுத்துப்பிழை காத்த பணம்

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வங்காளதேச மத்திய வங்கியின் ஊழியர் சிலருக்கு, வேலை தேடுவார் ஒருவர் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் வந்தன. தன் தகைமை விவரங்களைப் பார்த்தருளுமாறு அவை பணிவோடு வேண்டின. அவ்வழியே ஒற்றன் உள்ளே புகுந்தான். அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வெளியிட்ட குற்றப்பத்திரத்தின்படி, 2015 மார்ச்சு மாதத்துக்குள் அவ்வலையமைப்பில் மறைகதவு ஒன்று அமைந்துவிட்டது. வெளியேயுள்ள தன் தலைவனோடு அது நிகழ்த்திய பேச்சு, வழக்கமான மறைகுறியிட்ட இணையப் போக்குவரத்தைப் போலத் தோன்றும்படி புனையப்பட்டிருந்தது.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. 2016 பெப்ரவரி 4ஆம் நாள் இரவு, அவ்வங்கியின் பெயரால் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 பணக் கட்டளைகள் சென்றன. கேட்ட தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். மறுநாள் வெள்ளிக்கிழமை, வங்காளதேசத்தில் விடுமுறை. பரிமாற்றங்களைத் தாளில் பதியும் அச்சுயந்திரம் இயங்காதபடி செய்யப்பட்டிருந்தது. அதனைச் சாதாரணப் பழுதென்றே அலுவலர் எண்ணினர். ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. எஞ்சிய 20 மில்லியன் நமது இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்கை நோக்கி வந்தது.

அந்த 20 மில்லியனைத் தடுத்தது எது? அவ்வமைப்பின் பெயரிலுள்ள 'ஃபவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர் 'ஃபான்டேஷன்' என்று பிழைபட எழுதியிருந்தனர். இடையிலிருந்த டொய்ச் வங்கியில் அப்பிழையைக் கண்டு ஐயுற்று விளக்கம் கேட்டனர். பணம் நின்றது. எழுத்துப்பிழை திருத்துவதிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்ற ஆசிரியர்க்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. எனினும் அம்மகிழ்ச்சி நெடிது நில்லாது. செயற்கை நுண்ணறிவு கொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையற்ற கடிதங்களை எவரும் இன்று நொடியில் ஆக்கலாம். மொழிப்பிழையைக் கண்டு கள்வனை அறியும் காலம் மலையேறி வருகின்றது. வேறு அடையாளங்களை நாம் கற்றாக வேண்டும்.

கூடங்குளம் தந்த பாடம்

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாற்று ஆற்றலுடைய அணு உலைகள் இயங்குகின்றன. அந்நிலையத்தின் வலையமைப்பில் ராட் புகுந்துவிட்டது என்ற செய்தி 2019 ஒக்ரோபர் இறுதியில் பரவியது. 29ஆம் நாள் நிலையத்தார் அதனை மறுத்தனர்; தமது கட்டுப்பாட்டு முறைமைகள் வெளியுலக வலையமைப்போடு இணைக்கப்படாதவை, ஆதலால் அத்தகைய தாக்குதல் இயலாது என்றனர். மறுநாள், 30ஆம் நாள், இந்திய அணுமின் கழகமே தன் முறைமையில் தீநிரல் கண்டது உண்மையென ஒப்புக்கொண்டது. இந்தியக் கணினி அவசர உதவிக் குழு அதனைக் கண்டு அறிவித்தது செப்டெம்பர் 4ஆம் நாளே என்றும், தொற்றுக்கு உள்ளானது நிருவாக வேலைக்கென இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த ஒருவரின் கணினி என்றும், உலைகளை இயக்கும் உள்வலையமைப்பு அதனின்றும் பிரிக்கப்பட்டிருந்தமையால் பாதிப்பின்றித் தப்பியது என்றும் கழகம் கூறியது.

அத்தீநிரல் 'டிட்ராக்' என்னும் ராட் இனத்தது என ஆய்வாளர் இனங்கண்டனர். தட்டெழுத்தைப் பதிதல், உலாவியின் வரலாற்றைத் திரட்டல், வலையமைப்பு விவரங்களையும் இயங்கும் நிரல்களையும் கோப்புகளையும் பட்டியலிடல் ஆகியவை அதன் தொழில்கள். இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் அது உலவுவதைக் கஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் அதே செப்டெம்பர் மாதத்திலேயே எடுத்துரைத்து, லாசரஸ் கூட்டத்தோடு தொடர்புபடுத்தியிருந்தனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். நிருவாகக் கணினிக்கும் உலையின் கணினிக்கும் இடையே சுவர் இருந்தமையால் பெருங்கேடு நேரவில்லை என்பது ஒன்று. அச்சுவர் ஒற்றன் வந்தபின் எழுப்பியதன்று, வருமுன் எழுப்பியது. 'எம்மிடத்தில் நிகழாது' என்று ஒருநாள் கூறி, 'நிகழ்ந்தது' என்று மறுநாள் கூறநேர்ந்தால் பொதுமக்களின் நம்பிக்கை தளரும் என்பது மற்றொன்று. மறுப்பு ஒருபோதும் காவலாகாது.

கண்டறிதல்

இனி நம்மூருக்கு வருவோம். பிலிமத்தலாவையிலிருந்து கொழும்பு வீதியிற் சென்றால் அடுத்து வருவது கடுகண்ணாவை. அம்மலைப்பகுதியிலே பலன என்ற பழைய காவற்கோட்டை இருந்த இடம் உண்டு. 'பலன' என்னும் சிங்களச் சொல் 'பார்க்கும்' எனப் பொருள்படும். அக்காலத்தில் கண்டியரசின் வழிகளிலே 'கடவத்த' எனப்படும் முட்கதவுக் காவல்கள் இருந்தன. 1660 முதல் 1679 வரை இந்நாட்டிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அவற்றை விவரிக்கிறார். காவலைக் கடப்போர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டவேண்டும். படைவீரனுக்கு ஈட்டி தாங்கியவன் உருவம். சுமைகாரனுக்குக் கோலின் இருமுனையிலும் பொதி தொங்கச் சுமப்பவன் உருவம். யார், என்ன வேலையாகச் செல்கிறார் என்பது முத்திரையிலேயே தெரிந்தது. சிறைப்பட்டோர் தப்பிச் செல்லாமற் காத்தவையும் இக்காவல்களே.

உள்ளே வருவோரைப் பார்ப்பது போலவே வெளியே செல்வோரையும் பார்த்தல் வேண்டும் என்ற இவ்வுண்மையே ராட் எலியைப் பிடிக்கும் பொறி. காரணம் எளிது. இல்லங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள ரவுட்டர்களும் தீச்சுவர்களும் வெளியிலிருந்து வலிய வரும் அழைப்புகளைப் பெரும்பாலும் மறிக்கின்றன. ஆதலால் தலைவன் ஒற்றனை அழைப்பதில்லை. ஒற்றனே உள்ளிருந்து தலைவனை அழைக்கிறான். 'கட்டளை உண்டோ' என்று கேட்பதும், 'இல்லை' என்று விடை பெறுவதும் ஓயாது நடக்கும். எவ்வளவு நுட்பமாக ஒளிந்தாலும் இப்பேச்சை மட்டும் அவனால் விடமுடியாது. பேச்சை விட்டால் அவன் ராட் அல்லன், உயிரற்ற கோப்பு.

நம் பிலிமத்தலாவையின் பெயர் தாங்கிய மகா அதிகாரத்தின் வரலாறும் இதனையே நினைவூட்டும். 1798இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை அரியணை ஏற்றியவர் அவரே. ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்தோடு மறைவிற் பேசியவரும் அவரே. ஈற்றில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவரை வரலாற்றாசிரியர் பலவாறு மதிப்பிடுவர். நமக்கு வேண்டுவது ஒன்றே: உள்ளிருப்பவர் எத்துணை உயர்ந்த பதவியினராயினும், வெளியோடு அவர் நிகழ்த்தும் பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

அப்பேச்சைக் கேட்பது எங்ஙனம்? ரவுட்டரும் தீச்சுவரும் எந்தக் கணினி, எந்த முகவரியை, எப்போது அழைத்தது என்ற குறிப்பை எழுதி வைக்கும். அதனைப் படித்தல் வேண்டும். மனிதர் இணையத்தைப் பயன்படுத்தும் முறை ஒழுங்கற்றது. காலையில் மிகும், உணவுவேளையில் குறையும், இரவில் நிற்கும். ராட் அவ்வாறன்று. நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும் ராட் ஒரு நாளில் 1,440 முறை அழைக்கும். பாடசாலை பூட்டியிருக்கும் நள்ளிரவிலும், போயா விடுமுறையிலும் அழைக்கும். சில ராட்கள் இடைவெளியை வேண்டுமென்றே சிறிது கூட்டியும் குறைத்தும் வைக்கும். ஆயினும் பல நாட் குறிப்பை ஒருசேரப் பார்த்தால் அத்தாளம் புலப்படும். எவரும் கேள்விப்படாத, அண்மையிற் பதியப்பட்ட தளப்பெயருக்கு ஒரே கணினி மட்டும் திரும்பத் திரும்பச் செல்வது ஓர் அடையாளம். வழக்கமாகப் பெறுவது மிகுதியும் அனுப்புவது குறைவுமாக இருக்கும் கணினி, திடீரென மிகுதியாக அனுப்பத் தொடங்குவது மற்றோர் அடையாளம். இம்முறையின் சிறப்பு யாதெனில், உள்ளிருப்பது விண்டோஸோ, லினக்ஸோ, மெக்கோ, கைத்தொலைபேசியோ என்று கேளாமலே யாவற்றையும் ஒரே வாயிலில் நின்று அளக்கலாம். பல உடல் எடுக்கும் பகைவனுக்கு ஏற்ற காவல் இதுவே.

அடுத்து, ஒற்றன் உறங்கும் இடத்தைத் தேடுதல் வேண்டும். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் தான் எழவேண்டும் என்பதற்காக அவன் எங்கேனும் தன் பெயரைப் பதிந்து வைப்பான். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேடு, தொடக்கக் கோப்புறை, நேரம் குறித்த பணிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் க்ரோன் அட்டவணையையும் சிஸ்டம்டி சேவைகளையும், மெக்ஓஎஸில் லோஞ்ச் ஏஜென்ட், லோஞ்ச் டீமன் கோப்புறைகளையும் பார்க்க வேண்டும். இடங்கள் வேறாயினும் கேள்வி ஒன்றே: யாரும் ஏவாமல் தானே எழும் நிரல் எது? அதனை இங்கு வைத்தவர் யார்? அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியிலாயின், மாற்றுத்திறனாளருக்கென அமைந்த அணுகல்வசதி அனுமதியை எச்செயலிகள் பெற்றிருக்கின்றன என்று காண வேண்டும். திரையைப் படிக்கவும் பயனருக்குப் பதிலாகத் தொடவும் வல்ல அவ்வனுமதியைக் கைத்தொலைபேசி ராட்கள் பெரிதும் விரும்பும்.

மூன்றாவது, ஒழுக்கத்தைப் பார்த்தல். ஜாவா தேவையில்லாத கணினியில் ஜாவா இயங்குவது, கடிதம் எழுதும் மென்பொருள் கட்டளைத் திரையைத் திறப்பது, பணிசெயல் முறைமையின் கோப்புப் பெயரைத் தாங்கிய நிரல் பயனரின் கோப்புறையிலிருந்து இயங்குவது ஆகியவை ஐயத்துக்குரியன. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தேவையே. ஆனால் தெரிந்த முகங்களை அறிவதில் வல்ல அது, அடிக்கடி வேடம் மாற்றும் ராட்டின் முன் சில வேளைகளில் ஏமாறும். 'எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, ஆதலால் நோயில்லை' என்று முடிவுகட்டுதல் தவறு. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற முறையான தொலையுதவி மென்பொருட்களையும் வஞ்சகர் கையாளுவர். அவை கள்வர் பட்டியலில் இல்லாதவை. தாம் அழையாத எவரும் அவற்றை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுவதே அறிவு.

கட்டுப்படுத்தல்

ஒற்றன் அகப்பட்டான் என்று தெரிந்ததும் நம் கை பரபரக்கும். அப்பரபரப்பே அவனுக்கு நண்பன். செய்யவேண்டியவற்றை முறைப்படி கூறுவோம்.

முதலில், அக்கணினியை வலையமைப்பிலிருந்து பிரிக்க வேண்டும். கம்பியை உருவுக, கம்பியில்லாத் தொடர்பை அணைக்க. மின்சாரத்தை உடனே நிறுத்துதல் கூடாது. நினைவகத்தில் மட்டும் இருக்கும் தடயங்கள் அதனால் அழிந்துபோம். அக்கணினியில் நிருவாகியின் கடவுச்சொல்லைத் தட்டுதலும் கூடாது. தட்டெழுத்தைப் பதியும் எலிக்கு அது விருந்தாகும்.

இரண்டாவதாக, ஒன்று அகப்பட்டால் ஒன்றே உள்ளது என்று எண்ணலாகாது. அது அழைத்த தளப்பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு, அதே முகவரியை அழைத்த ஏனைய கருவிகள் எவை எனத் தேட வேண்டும். அலுவலகக் கணினியிற் கண்ட எலியின் உடன்பிறப்பு, மூலையில் ஓயாது இயங்கும் லினக்ஸ் சேவையகத்திலோ அதிபரின் மடிக்கணினியிலோ இருக்கலாம். யாவற்றையும் அறிந்தபின், அம்முகவரிகளை ஒரே நேரத்தில் வாயிலில் அடைத்தல் வேண்டும். ஒவ்வொன்றாக அடைத்தால் தலைவன் விழித்து வேறு வழி சமைப்பான்.

மூன்றாவதாக, அக்கணினியிற் பயன்பட்ட எல்லாக் கடவுச்சொற்களும் களவுபோயின என்றே கொள்ள வேண்டும். அவற்றைத் தூய்மையான வேறொரு கருவியிலிருந்து மாற்றுக. திறந்திருக்கும் கணக்கு அமர்வுகள் யாவற்றையும் முடித்து வைக்க. இரண்டாம் கடவுக்குறியீட்டை ஏற்படுத்துக. தொற்றுள்ள கணினியிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றுவது, பூட்டை மாற்றிப் புதிய சாவியைக் கள்வன் கையிற் கொடுப்பதை ஒக்கும்.

நான்காவதாக, துடைத்து மீள நிறுவுதல். கண்ட கோப்பை மட்டும் அழித்து ஆறுதல் கொள்ளாது, சான்றைப் பேணியபின் முழுவதையும் அழித்துப் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவ வேண்டும். ஆவணங்களைத் தொற்றுக்கு முந்திய காப்புப் பிரதியிலிருந்து பெறுக. இவ்விடத்தில் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றை நினைத்தல் தகும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினி முறைமை, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் தீநிரலால் தாக்குண்டது. அது ராட் இனத்தது என நாம் கூறவில்லை; அதன் பாடமே ஈண்டு வேண்டுவது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள், காப்புப் பிரதி இன்மையால் மீளாதொழிந்தன. வலையமைப்பினின்றும் கழற்றி வைத்த பிரதியே பிரதி.

ஐந்தாவதாக, அறிவித்தல். 2006இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசர உதவிக் குழு இதற்கென்றே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய ஊடுருவலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. பிறருடைய விவரங்களைக் காப்பது வைத்திருப்போரின் கடமை என்ற கொள்கையிலேயே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எழுந்தது. எவருடைய விவரம் களவுபோயிற்றோ அவருக்கு அதனைக் கூறுதல் அறம்.

நம் கல்லூரி செய்யத்தக்கவை

விழாக் கொண்டாடும் இவ்வேளையில் பழைய மாணவர் பலர் கல்லூரிக்குக் கணினிகளை நன்கொடையாக வழங்க முன்வருவர். அவ்வன்பு போற்றற்குரியது. அதனோடு சிலவற்றைச் சேர்த்துக் கேட்கின்றோம். பழைய மடிக்கணினியைக் கொடுப்போர் அதனை முற்றும் துடைத்து, முறையாகப் பெற்ற மென்பொருளை நிறுவிக் கொடுக்க. திருட்டு மென்பொருள் நிறைந்த கணினி, கொடையாயினும் முத்தநாதன் கையிலிருந்த புத்தகக் கட்டே. புதிய பத்துக் கணினிகளை விட, நல்லதொரு தீச்சுவரும், அதன் குறிப்பைப் பார்க்க மாதந்தோறும் ஒரு மணிநேரம் ஒதுக்கும் பழைய மாணவர் ஒருவரும் கல்லூரிக்குப் பெரும்பயன் தருவர்.

அலுவலகத்துக்கு ஒரு வலையமைப்பு, மாணாக்கரின் கணினிக்கூடத்துக்கு மற்றொன்று, விருந்தினர் கைத்தொலைபேசிகளுக்கு வேறொன்று எனப் பிரித்தல் இன்று பெருஞ்செலவுள்ள செயலன்று. அவ்வாறு பிரித்தால், கூடத்தில் மாணவன் ஒருவன் விளையாட்டு நிரலோடு எலியை அழைத்து வந்தாலும் அது புள்ளிப் பதிவேட்டை எட்டாது. நொக்ஸ் கண்ட களிமண் முத்திரை போல, ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலுக்கு வேண்டிய அனுமதி மட்டும் இருத்தல் நன்று. எழுதுவினைஞரின் நாளாந்தக் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் அதிகாரம் எதற்கு?

இவை யாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு. அதற்குப் பணம் வேண்டியதில்லை. தவறான இணைப்பைத் திறந்துவிட்ட எழுதுவினைஞரோ மாணவரோ, ஏச்சுக்கும் ஏளனத்துக்கும் அஞ்சி வாய்திறவாது இருப்பராயின், அம்மௌனமே ஒற்றனின் கோட்டை. வங்காளதேசத்தில் ஓராண்டு கிடைத்தது கள்வருக்கு. நம்மிடத்தே அவனுக்கு ஒரு மணிநேரமும் கிடைத்தல் ஆகாது. 'ஐயா, நான் ஒன்றைத் திறந்துவிட்டேன், ஐயமாயிருக்கிறது' என்று ஓடிவந்து சொல்லும் மாணவனைத் தண்டியாது தட்டிக்கொடுக்கும் கல்லூரியே பாதுகாப்பான கல்லூரி. அவனைத் தலைகுனிய வைத்தால், அடுத்தமுறை அவனும் சொல்லான். அவனைக் கண்டிருந்த நாற்பது பேரும் சொல்லார்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் உட்பகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தமை, புறத்தே நிற்கும் பகையினும் அகத்தே உறையும் பகை வேறாக ஆராயத்தக்கது என்பதனாலன்றோ? மதிலை உயர்த்தினால் மட்டும் அப்பகை தீராது. உள்ளிருந்து வெளியே செல்லும் பேச்சைக் கேட்கும் செவியும், அறைக்கு அறை இடைச்சுவரும், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உடன் உரைக்கும் நாவும் வேண்டும். இம்மூன்றும் வாய்த்த இடத்தில் எத்தனை உடல் எடுத்து வந்தாலும் எலி நெடுநாள் வாழாது. நம் கல்லூரி அத்தகைய இடமாகத் திகழ்வதாக.